யோர்க்விலிலிருந்து கென்சிங்ரன் வரை: ஹிப்பிகள் இருந்த தெருக்களில் தனியாக

நேற்றுச் சனிக்கிழமை காலை எழுந்ததும் முதல் வேலையாக அலுமாரியைத் திறந்து ஒரு சேலையை எடுத்தேன். அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படமெடுத்துக் கணவருக்கு அனுப்பினேன். வரும் சனிக்கிழமை மார்க்கம் நகரில் என் ஒன்றுவிட்ட அக்காவின் மகளுக்குக் கலியாணம். நான் கட்டும் சேலையின் நிறத்தில் அவர் சேட் போடவேண்டும். சிறிது நேரத்தில் பதில் வந்தது: "ஓகே. நாலு மணிக்கு வாறன்."

அவர் மேற்கே ஒரு மணித்தியால ஓட்டத்தில் இருக்கும் பிறம்ரனிலிருந்து வருவார். இரண்டு வருடமாக அங்கேதான் இருக்கிறார். வெயர்ஹவுஸ் வேலைக்குக் கிட்ட என்பது வெளியில் சொல்லியிருக்கும் காரணம். உண்மையில் நாங்கள் பிரிந்துவிட்டோம். சண்டை இல்லை, வழக்கு இல்லை. மல்வேர்ன் வீட்டில் நான், பிறம்ரன் பேஸ்மென்ற்றில் அவர். கலியாணம், சாமத்தியவீடு, அரங்கேற்றம் என்று அழைப்பு வந்தால் மட்டும் அவருடைய கார் என் வாசலில் வந்து நிற்கும். ஒரே நிறத்தில் உடுத்துக்கொண்டு போய், மணமக்களோடு படமெடுத்து, ஒரே மேசையில் சாப்பிட்டுவிட்டு வருவோம். திரும்பி வரும்போது காரில் ரேடியோ மட்டும் பேசும். நான் இங்கே சொந்தப் பெயரில் எழுதுவதில்லை, உறவுக்காரர் எவரும் இதை வாசிப்பதாகவும் தெரியவில்லை. அதனால்தான் இவ்வளவும் எழுத முடிகிறது.

படத்தை அனுப்பிய பிறகு வீட்டில் இருக்க மனம் வரவில்லை. நீண்ட நாளாகத் தள்ளிப்போட்டு வந்த ஒரு நடைக்குப் புறப்பட்டேன். கல்லூரியில் கனடா வரலாறு படித்தபோது, இந்த நகரத்து ஹிப்பிகளைப் பற்றி ஒரு வகுப்பு நடந்தது. இரவில் டோனற் கடையில் வேலை செய்துவிட்டுப் பகலில் படித்த காலம் அது. வகுப்பில் பாதி நேரம் நித்திரை. நினைவில் நின்றது ஒரே ஒரு படம்: நடைபாதையில் வெறுங்காலோடு உட்கார்ந்து ஒரு பெண் கித்தார் வாசிக்கிறாள், சுற்றியிருக்கும் ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. அந்தத் தெருவைப் பார்க்கவேண்டும் என்று அப்போதே நினைத்தேன்.

மல்வேர்னிலிருந்து பஸ்ஸில் கெனடி நிலையம் நாற்பது நிமிடம். அங்கிருந்து சப்வேயில் பே நிலையம் அரை மணித்தியாலம். பிரெஸ்ரோ பயண அட்டையில் மூன்று டொலர் முப்பது சதம். இரண்டு மணித்தியாலத்துக்குள் எத்தனை வண்டி மாறினாலும் அதே காசுதான். காரில் போக நினைப்பவர்களுக்கு: வேண்டாம். யோர்க்விலில் வண்டி நிறுத்தும் காசுக்கு இரண்டு பேர் சாப்பிடலாம்.

பே நிலையத்திலிருந்து வெளியே வந்து இரண்டு நிமிடம் நடந்தால் யோர்க்வில். அறுபதுகளில் இங்கிருந்த பழைய வீடுகளின் நிலவறைகளெல்லாம் கோப்பிக் கடைகள். ஒரு கோப்பியை வாங்கி வைத்துக்கொண்டு விடியும்வரை பாட்டுக் கேட்பார்களாம். நாடெங்கும் வீட்டை விட்டு ஓடிய பிள்ளைகள் பஸ் ஏறி இங்கேதான் வந்து இறங்கினார்கள். இசை, கஞ்சா, அசிட் போதை, பொலிஸ், மறுபடி இசை. இப்போது கைப்பைக் கடைகள்தான். ஒரு பையை விரும்பினேன், விலையைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பி வைத்தேன். வாசனைத் திரவியம் விற்கும் கடையொன்றிலிருந்து அந்தக் காலத்துக் கித்தார் இசை தெருவுக்குக் கேட்டது.

அங்குள்ள சிறு பூங்காவில் பெரிய கருங்கற்பாறை ஒன்று இருக்கிறது. ஆறு டொலர் எழுபத்தைந்து சதத்துக்கு வாங்கிய கோப்பியோடு அதில் ஏறி உட்கார்ந்தேன். தனியாக ஊர் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேலை எப்போதும் கிடைக்கும், மற்றவர்களைப் படமெடுத்துக் கொடுப்பது. ஒரு மணித்தியாலத்துக்குள் மூன்று சோடிகளை எடுத்துக் கொடுத்தேன். உன்னையும் ஒன்று எடுக்கவா என்று ஒரு பெண் கேட்டாள். வேண்டாம் என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

புளோர் வீதியில் மேற்கே ஒரு கிலோமீற்றர் நடந்தால் பதினெட்டு மாடிச் சீமெந்துக் கட்டடம் ஒன்று வரும். பாடத்திட்டமும் பரீட்சையும் இல்லாமல் மாணவர்களே நடத்திய கல்லூரியாகத் தொடங்கியது. யோர்க்விலில் இருந்து விரட்டப்பட்ட ஹிப்பிகள் இங்கே குவிந்தார்கள். போதைப்பொருள் வியாபாரம் பெருகி, கடைசியில் பொலிஸ் வந்து எல்லோரையும் வெளியேற்றியது. இப்போது அது முதியோர் குடியிருப்பு. வாசலில் தலையைக் கவிழ்த்துக் கூனிக் குந்தியிருக்கும் பெரிய வெண்கலச் சிலை மட்டும் அந்தக் காலத்திலிருந்து மிஞ்சியிருக்கிறது.

சிலைக்குப் பக்கத்தில் நரைத்த இரட்டைப் பின்னலோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருந்தார். கையில் இருந்தது சிகரெற் இல்லை என்று மணம் சொன்னது. நான் சிலையைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதைக் கண்டு, சிலைக்கு வாடகை ஏற்றமாட்டார்கள், கொடுத்து வைத்தது என்றார். பெயர் லிண்டா. பத்தொன்பது வயதில் சட்பரியிலிருந்து ஓடிவந்து இதே கட்டடத்தில் இருந்தவர். எழுபது தாண்டி, முதியோர் வீட்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தபோது கிடைத்ததும் இதே கட்டடம்தான்.

அன்று அவர் ஒரு மாடியின் நடைவழிச் சுவர் முழுவதும் திமிங்கிலங்கள் வரைந்தாராம். அவற்றுக்கு மேலே இப்போது பல பூச்சு மங்கல் நிறம். பூச்சுக்கு அடியில் அவை இன்னும் நீந்துகின்றன என்று சொல்லிச் சிரித்தார். அப்போது அறைக்கதவு எதுவும் பூட்டுவதில்லை. அசிட் எடுத்துப் பயந்துபோய் எவர் வந்தாலும் விடியும்வரை பக்கத்தில் இருப்பது அந்த மாடியின் வழக்கம். அவரும் பலருக்கு அப்படி இருந்திருக்கிறார். ஆனால் தனக்கு அழுகை வந்த நாட்களில், திறந்து கிடந்த அத்தனை கதவுகளில் எதற்குள் போவது என்று தெரியவில்லை என்றார்.

பிறகு அவர் சொன்ன கதைக்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன். அவர் ஒருவனோடு சேர்ந்து வாழ்ந்தார். கலியாணம் என்பதே ஏமாற்று என்று சுவரில் எழுதி வைத்தவர்கள். ஆனால் அவனுடைய தாய் ஹமில்ரனில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் போகும்போது மட்டும் லிண்டா தலையை வாரி, நீளப் பாவாடை உடுத்து, ஊதுபத்தி விற்கும் கடையில் வாங்கிய பித்தளை மோதிரத்தைப் போட்டுக்கொள்வார். தாயைப் பொறுத்தவரை அவர்கள் கணவன் மனைவி. அவன் ஒருநாள் வேறொருத்தியோடு பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குப் போய்விட்டான். லிண்டா அதற்குப் பிறகும் சில வருடம் மோதிரத்தோடு ஹமில்ரனுக்குப் போய் வந்தார். அவனுக்கு வேலை என்று சொல்வாராம்.

ஏன் என்று கேட்டேன். அந்த அம்மா நன்றாகச் சமைப்பார் என்றார். புகையை வெளியே விட்டுவிட்டுத் தொடர்ந்தார்.

"உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் போயிருக்கும்."

எனக்கும் அப்படித்தான் என்று சொன்னேன். எது அப்படி என்று அவர் கேட்கவில்லை. நாங்கள் இருவரும் வீதியில் போகும் வாகனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவருக்குக் குளிர்ந்தது, உள்ளே போய்விட்டார்.

அங்கிருந்து ஸ்பெடைனா வீதியால் தெற்கே ஒன்றரைக் கிலோமீற்றருக்குள் கென்சிங்ரன் சந்தை. ஹிப்பிகளின் காலம் உண்மையில் மிஞ்சியிருப்பது இங்கேதான்: பழைய உடுப்புக் கடைகள், சுவரெல்லாம் ஓவியம், மூலையில் மேளம் அடிக்கும் ஒருவர். கஞ்சா இப்போது சட்டப்படி கடையில் கிடைக்கிறது. பத்தொன்பது வயது தாண்டியிருக்கவேண்டும், அடையாள அட்டை கேட்பார்கள். நான் இரவில் நித்திரை கொண்டு வெகுகாலம். இங்கே ஒரு தமிழரும் பார்க்கமாட்டார்கள் என்ற துணிவில் ஒரு கடைக்குள் போனேன். இதற்காக நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு வரும் ஒரே ஆள் நான்தான் என்று நினைத்தது என் பிழை.

கவுண்டரில் நின்ற இளம்பெண் என் அட்டையில் பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினாள்.

"அன்ரி, முழங்காலுக்கோ?"

நித்திரைக்கு என்றேன்.

"இஞ்ச வாற அன்ரிமார் எல்லாரும் முழங்கால் எண்டுதான் சொல்லுறவை. நீங்கள்தான் முதல் முதல் நித்திரை எண்டு சொன்ன ஆள்."

தன் அம்மாவுக்குப் பாமசியில் வேலை என்று சொல்லியிருப்பதாகவும், அது முழுப் பொய் இல்லைதானே என்றும் சொன்னாள். என் முகத்தை இன்னொருமுறை பார்த்தாள்.

"உங்களை எனக்குத் தெரியும். அண்ணாவின்ர வெடிங்குக்கு வந்தனீங்கள். நீங்களும் அங்கிளும் மச்சிங் மஞ்சள்."

ஓம் என்றேன். அங்கிள் இன்றைக்கு வேலை என்றும் சொன்னேன், அவள் கேட்காமலே. அவள் தலையைக் குனிந்து கவுண்டரைத் துடைத்தாள்.

"அன்ரி, ஸொறி, நான் சொல்லக்கூடாது. அவர் பிறம்ரனில தனிய எண்டு எல்லாருக்கும் தெரியும். அண்டைக்கு ஆர் எந்த மேசை எண்ட ஸீற்றிங் பிளான் நான்தான் செய்தனான். உங்களையும் அங்கிளையும் வேற வேற மேசையில போடுவமோ எண்டு கேக்க, அம்மா விடேல்லை. பிரிச்சுப் போட்டா எங்களுக்குத் தெரியும் எண்டு உங்களுக்குத் தெரிஞ்சிடும், பிறகு அந்தப் பிள்ளை ஒண்டுக்கும் வராது எண்டு சொன்னவ."

நாற்பத்தாறு வயதில் என்னை ஒருவர் பிள்ளை என்று சொல்லியிருக்கிறார். அதைத்தான் முதலில் யோசித்தேன். மற்றது பிறகுதான் உறைத்தது.

ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தேன். "நான் உங்களைக் காணேல்லை, நீங்களும் என்னைக் காணேல்லை, என்ன?" என்று பின்னாலிருந்து கேட்டது. சரி என்று கையைக் காட்டினேன். ஸ்பெடைனாவில் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீற்காரைப் பிடித்து நிலையத்துக்கு வந்து, கெனடி வரை ஒரு பக்கம்கூட வாசிக்காமல், பையில் கொண்டுவந்த புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருந்தேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விடயங்கள். மொத்த நடை நான்கு கிலோமீற்றருக்குள்தான், நல்ல சப்பாத்து இருந்தால் போதும். காலை பத்து மணிக்கு யோர்க்விலில் தொடங்கினால் கூட்டம் இருக்காது. சாப்பாட்டைக் கென்சிங்ரனுக்கு விட்டுவிடுங்கள். பன்னிரண்டு டொலருக்கு வயிறு நிறையும். புளோர் வீதிக் கட்டடத்தில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், வெளியில் நின்று பாருங்கள். பழைய நாட்களின் தடயம் தேடிப் போனால் ஏமாற்றம்தான், அங்கே வெளியில் உட்கார்ந்திருப்பவர்களோடு பேசுங்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அவருக்குச் சேட் கிடைத்துவிட்டதாம், கடையிலிருந்தே படம் அனுப்பியிருக்கிறார். சேலையோடு நன்றாகத்தான் பொருந்துகிறது. நான் இன்னும் பதில் போடவில்லை.

வரும் சனிக்கிழமை கார் வரவேண்டாம் என்று சொல்லப்போகிறேன். எவரிடமும் இதை இன்னும் சொல்லவில்லை, அவரிடமும்தான். அதற்குப் பிறகு அழைப்புகள் குறையலாம். அப்படிக் குறைந்தால் எத்தனை சனிக்கிழமைகள் வெறுமையாகும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கலியாண ஹோலுக்குத் தனியாகப் போய், எனக்குத் தந்த மேசையில் உட்காரப்போகிறேன். பக்கத்துக் கதிரையில் கையை வைத்து, இதில் ஆரும் இருக்கினமோ என்று எவராவது கேட்டால், இல்லை, இருங்கோ என்று சொல்வேன்.