ஆறு மாத முதலாளி

தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் பீர் முகமது உட்கார்ந்தபடி எடுப்பதில்லை. எழுந்து நின்று, சட்டையின் மேல் பட்டனைப் போட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டுதான் காதில் வைப்பார். "யெஸ் சார், பீர் முகமது ஸ்பீக்கிங், ஓனர், பி.எம். ரெஃப்ரிஜிரேஷன்." மறுமுனையில் யாரோ ஒரு பெண், குறைந்த வட்டியில் கடன் வேண்டுமா என்று கேட்பாள். பாய்க்கு முகம் தொங்கிப்போகும். இருந்தாலும் சட்டென்று வைக்க மாட்டார். "வேணாம்மா, நீ நல்லா இரு" என்று சொல்லிவிட்டுத்தான் வைப்பார். போன வருடம் பிடித்த பழக்கம் இது, இன்னும் விடவில்லை.

தெற்குவாசல் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிறது கடை. வீட்டு ஃப்ரிட்ஜ், ஐஸ்கிரீம் பெட்டி, பால்கடை ஃப்ரீசர் என்று குளிர வேண்டியது எது குளிராமல் போனாலும் பாயிடம் வந்து சேரும். கடையில் அவருக்கு அடுத்த கை முகேஷ். திருவாதவூர்க்காரன். அப்பா சோலையும் அம்மா மலையம்மாளும் ஊரார் வயலில் கூலி வேலை செய்து அவனை டிப்ளமா வரை படிக்க வைத்தார்கள். அந்த முகேஷ் ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகக் குடியேற மனுப் போட்டான். அங்கே ஆள் எடுப்பது பாயிண்ட் கணக்கில். அதைப் பாய் வாடிக்கையாளர்களுக்கு விளக்கும் அழகே தனி.

"வயசுக்கு இம்புட்டு, இங்கிலீசுக்கு இம்புட்டு, படிப்புக்கு இம்புட்டு, வேலை பார்த்த வருசத்துக்கு இம்புட்டுன்னு போட்டுக் கூட்டுவாய்ங்கண்ணே. நம்ம பய சரியா கோட்டு மேல நிக்கிறான். கொஞ்சம் கொறஞ்சாலும் அவுட்டு."

வேலை பார்த்த ஐந்து வருடத்துக்கும் சாட்சி பாய்தான். அதைச் சரிபார்க்க எந்த நேரமும் போன் வரலாம் என்று விசா ஏஜென்ட் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பாய் சிக்னல் கிடைக்காத இடத்துக்குப் போவதையே நிறுத்திக்கொண்டார். தொழப் போனால், பள்ளிவாசலுக்கு வெளியே பழ வண்டி போட்டிருக்கும் காசிமாயனிடம் போனைக் கொடுத்துவிட்டுப் போவார். "வெளிநாட்டுக்காரன் பேசுனா 'டென் மினிட்ஸ் சார்'னு மட்டும் சொல்லுண்ணே. வேற எதுவும் பேசிப்புடாத." வீட்டில் மகள் சனோபர் அதிகாரி போலக் குரலை மாற்றிக் கேள்வி கேட்பாள், பாய் பதில் சொல்லிப் பழகுவார். மனைவி மரியம் பீவிக்குச் சிரிப்பை அடக்க முடியாது. "நிக்காஹ்வுல கபூல் சொல்றதுக்குக்கூட இந்த மனுசன் இம்புட்டு ஒத்திகை பாக்கல."

நல்ல வேலைக்காரனை நீங்களே பிளேன் ஏற்றி விடுகிறீர்களே என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், பாய் அந்த ஆறு மாதத்துக்குப் போய்விடுவார். கொரோனா இரண்டாவது அலையில் ஆஸ்பத்திரிக்குப் போனவர் அவர். பிழைத்து வீடு திரும்பியும் நாலு எட்டு நடந்தால் மூச்சு இரைத்தது. மருந்துக்கடை ஃப்ரிட்ஜ்களும் பால் டிப்போக்களும் நின்றுவிடாமல் முகேஷ் ஒற்றை ஆளாக ஊரெல்லாம் ஓடினான். வசூலை அப்படியே மரியம் பீவியிடம் சேர்த்துவிட்டு, மாதம் பிறந்தால் பீவி பாங்கில் போட்டுவிடும் சம்பளத்தை மட்டும் எடுத்துக்கொண்டான்.

"நான் எந்திரிச்சு வந்து பாக்குறேன், கடை விட்ட எடத்துலயே இருக்கு. அல்லா எனக்கு மூச்சக் குடுத்தான், இந்தப் பய கடையக் குடுத்தான். நான் என்னத்தச் செஞ்சு இதுக்கு ஈடு கட்டுறது?"

எதிர்பார்த்த அந்த அழைப்பு சமயநல்லூரில் ஒரு பேக்கரியின் குளிர் அறையைப் பிரித்துப் போட்டிருந்தபோது வந்தது. முகேஷ் மாடியில் இருந்தான். பாய் வெளியே வந்து வேப்பமரத்தடியில் விறைப்பாக நின்றார். என்ன வேலை, எத்தனை மணி நேரம், எந்த வருடத்திலிருந்து என்று கேட்ட கேள்விக்கெல்லாம் சனோபர் பழக்கிய பதில்கள் தடையில்லாமல் வந்தன. கடைசியாக, இத்தனை வருடமும் உங்கள் மேற்பார்வையில்தான் வேலை செய்தாரா என்று அந்த அதிகாரி கேட்டார். 'யெஸ் சார்' என்று முடித்திருக்க வேண்டிய இடம். பாய்க்கு மனசு பொங்கிவிட்டது.

"நோ சார். சிக்ஸ் மன்த் ஐ ஆம் இன் பெட். தட் டைம் ஹி இஸ் ஓனர், சார். ஐ ஆம் நத்திங்."

கொஞ்ச நேரம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள். பாய் மாடிக்கு ஓடினார். சொல்ல வேண்டியதை ஒரு பங்கு கூடவே சொல்லிவிட்ட திருப்தி அவருக்கு. முகேஷ் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"ஓனர்னா சொன்னீங்க, பாய்?"

மனுவில் அவன் சம்பள ஆள். அந்த ஆறு மாதம் அவன் முதலாளி என்றால் வேலைக் கணக்கில் அது வராது. ஐந்து வருடம் ஐந்து வருடமாக இருக்காது, பாயிண்ட் கோட்டுக்குக் கீழே போய்விடும். இதை அவன் சொல்லி முடிக்கும்போது பாய் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். நன்றி சொல்லப் போய்ப் பிள்ளையின் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"விடுங்க பாய், நெசத்தத்தானே சொன்னீங்க."

"என்னடா பெரிய நெசம்? எனக்கு வாயத் தச்சுப் போடணும்."

ஏஜென்ட் விளக்கம் எழுதி, பாங்க் கணக்கை இணைத்து அனுப்பினார். சில வாரம் கழித்து மறுபடியும் போன் வந்தபோது பாய் கடையில் இருந்தார், முகேஷ் எதிரிலேயே ஒரு கம்ப்ரஸருக்கு ஒயர் சுற்றிக்கொண்டிருந்தான். அவர் முதலாளியா, உங்கள் ஊழியரா, தெளிவாகச் சொல்லுங்கள் என்றார்கள்.

பாய் முகேஷைப் பார்த்தார். பிறகு அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஐ ஆம் ஓனர், சார். ஹி இஸ் மை ஒர்க்கர். ஐ ஆம் சிக், ஸோ மை ஒய்ஃப் கிவ் சேலரி. எவ்ரி மன்த். பேங்க்."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இருந்தும் ஒவ்வொன்றும் அவருக்கு மீன் முள்ளாகத் தொண்டையில் குத்தியது. இன்னும் ஏதோ சொல்ல வாய் திறந்தது, கையால் பொத்திக்கொண்டார்.

விசா வந்தது. மலையம்மாளும் சோலையும் திருவாதவூரிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். புது அரிசி ஒரு பை. பாயின் கையைப் பிடித்துக்கொண்டு மலையம்மாள், "எம்மவனுக்கு நீங்கதேன் வழி விட்டீக" என்று அழுதார். பாய் மூவருக்கும் பருத்திப்பால் வாங்கிவர ஓடினார்.

அன்று மாலை பெற்றோரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏற்றிவிட்டு முகேஷ் கடைக்குத் திரும்பினான். மற்ற நாட்களில் பாய் வண்டிச் சாவியை எடுத்து, "வாரேன்டா, பூட்டிட்டு வா" என்று திரும்பிப் பார்க்காமல் கிளம்பிவிடுவார். அன்று முகேஷின் முன்னால் வந்து கைகட்டி நின்றார்.

"மொதலாளி, வேலை முடிஞ்சிருச்சு. நான் வீட்டுக்குப் போகட்டுமா?"

முகேஷ் சிரித்தான். கொஞ்ச நேரத்தில் அவனால் சிரிக்க முடியவில்லை. அவன் தலையை அசைக்கும் வரை பாய் படியில் இறங்காமல் அங்கேயே நின்றார்.