மிஷின் முதலில் வரும் வாசல்

என் கொழுந்தனார் என்மேல் ஒரு பொய் சொன்னார். அதை அவர் வாயாலேயே திரும்ப எடுக்க வைத்தேன். அந்தக் கதையை எழுதிவை என்று மருமகள் ரொம்ப நாளாகச் சொல்கிறாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், நேரம் ஆகும். ஆகட்டும். இதை அவசரமாக எழுதினால் ருசி போய்விடும்.

மெல்பர்னிலிருந்து அரை நாள் காரில் போய், கடைசியில் வளைந்து வளைந்து மலை ஏறினால் பனி விழுகிற ஒரு சின்ன ஊர் வரும். ஜூனில் அங்கே குளிர்காலம் பிறந்தால் கூட்டம். காலில் கட்டை மாட்டிக்கொண்டு பனியில் சறுக்கி விளையாட வருவார்கள். அங்கே என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் சேர்ந்து ஒரு கட்டடம் வாங்கினார்கள். ஒரே கூரை, ஒரே பத்திரம், இரண்டு கடை. இந்தக் கோடியில் எங்கள் தோசைக் கடை. மருமகள்தான் முதலாளி, சட்னி சாம்பார் என் பொறுப்பு. அந்தக் கோடியில் கொழுந்தனார் கடை. சறுக்குக் கட்டை, பூட்ஸ், கோட்டு எல்லாம் வாடகைக்குக் கொடுப்பார். நடுவில் சாமான் அறைகள், மாடியில் இரண்டு குடும்பமும் குடியிருக்கிற வீடு. முன்னால் இரண்டு கடைக்கும் பொதுவாகக் கார் நிறுத்தும் இடம்.

அந்த ஊரில் கடை வைத்திருப்பவர்கள் எல்லோரும் பனி அள்ளுவதற்கு மிஷின்காரரை அமர்த்திவிடுவார்கள். முதல் வருஷம் நாங்கள் அமர்த்தவில்லை. வேண்டாம் என்றது கொழுந்தனார்.

"எதுக்குண்ணே ஆள் வச்சுக்கிட்டு? நம்ம வீட்டுல கை இல்லையா, மம்பட்டி இல்லையா?" என்றார்.

கை இருந்தது. அது எழுபது வயதைத் தாண்டிய என் வீட்டுக்காரருடைய கை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கே இருந்தாலும் காலையில் வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவேன். மெல்பர்ன் ஓரத்தில், பொயிண்ட் குக்கில் மகன் வீட்டில் இருந்தபோதும் அப்படித்தான். மலைக்குப் போன முதல் வாரம், கை பழக்கத்தில் ஒரு செம்பு தெளித்துவிட்டேன். கோலமாவு எடுத்துக்கொண்டு வருவதற்குள் வாசல் கண்ணாடியாக இறுகிவிட்டது. வெளியே வந்த மருமகள் உட்கார்ந்த வாக்கிலேயே படியிறங்கிப் போனாள். அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். அன்றைக்கு விட்டதுதான். பிறகு கதவுக்கு உள்பக்கம் காய்ந்த மாவில் சின்னதாக ஒரு கோலம், அதோடு சரி. இதைக் கொழுந்தனாரிடம் வேடிக்கையாகச் சொன்னதும் நான்தான். அவர் அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்.

ஆகஸ்டில் ஒரு நாள் நல்ல பனி. என் வீட்டுக்காரர் எங்கள் வாசலை அள்ளி முடித்துவிட்டு, தம்பி இன்னும் எழுந்திருக்கவில்லை என்று அவன் கடை வாசலுக்குப் போனார். அந்தக் கோடியில் வெயிலே படாது. கூரைத் தண்ணீர் சொட்டிச் சொட்டிப் பனிக்கு அடியில் ஐஸாக இறுகிக் கிடக்கும். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மனிதர் கால் மேலே போனதையும் மம்பட்டி தெறித்ததையும் இந்த இரண்டு கண்ணால் பார்த்தேன். நான்தான் முதலில் ஓடினேன். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அடிவாரத்து ஆஸ்பத்திரியில் டீ வாங்கிக்கொண்டு வந்தேன். கொழுந்தனார் எனக்கு முதுகைக் காட்டி நின்று போன் பேசிக்கொண்டிருந்தார்.

"மதினி வாசல்ல தண்ணி தெளிச்சிருக்காங்க. அது ஐஸாயிருச்சு. அண்ணன் அதுல வச்சுட்டாரு காலை. என்ன செய்ய, சொன்னாக் கேட்டாத்தானே? படிப்பும் கிடையாது."

ஒருவருக்கு இல்லை, சொந்தபந்தம் எல்லாருக்கும் இதே பேச்சு. அண்ணன் தன் கடை வாசலைச் சுத்தம் பண்ணும்போது தான் போர்வைக்குள் கிடந்தோம் என்று சொல்ல வெட்கம். அந்த வெட்கத்தைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டார். டீ என் கையிலேயே ஆறியது.

நான் நேரே உள்ளே போய் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"எங்க விழுந்தீங்க? உங்க தம்பியைக் கூப்பிடுறேன், அவரு முன்னாடி சொல்லுங்க."

"எங்க விழுந்தா என்ன. விழுந்தாச்சு. விடு, அவன் சின்னவன்."

"அறுபது வயசுச் சின்னவனா? அப்ப நான் யாரு?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மயக்க மருந்து என்று நர்ஸ் சொன்னாள். எனக்குத் தெரியாதா எது மயக்கம், எது நடிப்பு என்று.

அதற்குப்பின் எந்த விசேஷத்துக்குப் போனாலும் இதே பேச்சு. பொயிண்ட் குக்கில் ஒரு வளைகாப்பு. என் நாத்தனார், வீட்டுக்காரருக்குத் தங்கை, அத்தனை பெண்கள் நடுவிலே கேட்டாள்:

"வாங்க மதினி. கையில செம்பு கிம்பு எதுவும் கொண்டாரலையே? மாசமா இருக்குற பிள்ள நடக்குற இடம்."

கூடம் முழுக்கச் சிரித்தது. நான் எலுமிச்சை சாதம் சாப்பிட்டு, கையைக் கழுவி, சந்தனம் குங்குமம் எடுத்துக்கொண்டு, நிமிர்ந்துதான் வெளியே வந்தேன். ஆனால் ஒவ்வொரு முகத்தையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் பனி தொடங்குமுன் நான் சொல்லிவிட்டேன், மிஷின் அமர்த்தியே ஆக வேண்டும் என்று. மம்பட்டி பிடிக்க அண்ணனுக்கு இடுப்பில் தெம்பு இல்லை, அதனால் கொழுந்தனாரும் வாயைத் திறக்கவில்லை. வந்தது ஒரு வெள்ளைக்காரம்மா. ஐம்பது வயதிருக்கும், சிவந்த பெரிய கை. மிஷினும் அவளுடையது, ஓட்டுவதும் அவள்தான். ஒரு சொட்டுப் பனி இல்லாத நாளில் வந்து இடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். சாமான் லாரி எங்கே நிற்கும், கூரைப் பனி எந்தப் பக்கம் சரியும், அள்ளுகிற பனியை எங்கே குவிக்கலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பனிக்கு அடியில் செடி எது, தரை எது என்று தெரியாது என்று ஓரமெல்லாம் நீளக் குச்சி நட்டாள். மருமகள் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"அத்தை, அவங்ககிட்ட ஒரே மிஷின்தானாம். விடியறதுக்குள்ள ஊரு முழுக்கப் போகணுமாம். அதனால முதல் சுற்றுல ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு வாசல்தான். மிச்சத்தை ரெண்டாவது சுற்றுல பத்து மணிக்கு மேல வந்து தள்ளுவாங்களாம். யாராவது விழுந்த இடம் இருந்தா அதுதான் முதல் வாசலாம். இங்க யாராவது விழுந்திருக்காங்களான்னு கேக்குறாங்க."

எனக்குள் யாரோ விளக்கைப் போட்ட மாதிரி இருந்தது. மருமகள் பதில் சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் கையைக் கிள்ளினேன்.

"தம்பியைக் கேளும்மா. அவருதானே எல்லாருக்கும் விவரம் சொன்னவரு."

கொழுந்தனாருக்குப் பக்கத்திலேயே என் ஓரகத்தி நின்றாள். பெண்டாட்டியிடமும் அவர் அதே கதையைத்தான் சொல்லி வைத்திருந்தார். இப்போது மாற்ற முடியுமா? எங்கள் வாசலைக் கைகாட்டி, "இங்கதான்" என்றார்.

"நல்லது தம்பி," என்றேன். மிஷின்காரம்மாவுக்கு என் கையால் டீ போட்டுக் கொடுத்தேன்.

பனி விழ ஆரம்பித்தது. எங்கள் தோசைக் கடை பதினொரு மணிக்குத்தான் திறக்கும். ஈ காக்கை வராத எங்கள் வாசலை விடியுமுன் தரை தெரிய வழித்து, வழுக்காமலிருக்கப் பொடிக்கல் தூவி, மாப்பிள்ளை அழைப்புக்குத் தயார் பண்ணின மாதிரி வைத்துவிட்டு மிஷின் போய்விடும். கொழுந்தனார் வியாபாரமோ ஏழு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதோடு சரி. கட்டை வாங்குகிறவன் அப்போதே வாங்கிக்கொண்டு மலைக்குப் போய்விடுவான். அவர் வாசலில் முழங்கால் பனி. வருகிறவர்கள் காரில் இருந்தபடியே எட்டிப் பார்த்துவிட்டுத் தெருக்கோடிக் கடைக்குப் போனார்கள்.

நான் ஜன்னலோரம் இரண்டு நாற்காலி போட்டேன். ஒன்று எனக்கு, ஒன்று என் வீட்டுக்காரருக்கு. கைத்தடியை ஓரமாகச் சாய்த்துவிட்டு அவர் உட்காருவார். சூடாகக் காப்பி கொடுப்பேன். அந்தக் கோடியில் அவர் தம்பி மம்பட்டியால் அள்ளிக்கொண்டிருப்பார்.

"பாவம்டி, மூச்சு வாங்குது அவனுக்கு."

"வாங்கத்தான் செய்யும். அந்த ஓரம் இன்னும் அப்படியே கிடக்கு, பாருங்க."

ஒரு நாள் ஓரகத்தி இட்லிக் குண்டானில் வெந்நீர் வைத்துக் கொண்டுவந்து பனிமேல் ஊற்றினாள். கரைந்தது, உண்மைதான். அரை மணியில் இறுகிவிட்டது. வந்தவர்கள் நடை பழகுகிற பிள்ளை மாதிரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் யாருக்கும் போன் போட்டுச் சொல்லவில்லை. ரசித்துப் பார்த்தேன், அவ்வளவுதான்.

கொழுந்தனார் மிஷின்காரம்மாவிடமே போய்க் கெஞ்சிப் பார்த்தார். விழுந்த இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்துக்கு முதலில் போனால், நாளைக்கு எவனாவது அங்கே விழுந்து வைத்தால் தன் தலைதான் உருளும், இடம் வேறு என்றால் விழுந்தவர் வீட்டார் வந்து சொல்லட்டும் என்று அவள் சொல்லிவிட்டாளாம். நல்ல பொம்பளை.

பள்ளிக்கூட லீவு வந்தது. நாத்தனார் பனி பார்க்கக் குடும்பத்தோடு வந்து எங்களிடம் தங்கியிருந்தாள். அன்று விடியும்போது வாசலில் இடுப்புயரப் பனி. கொழுந்தனார் கடைக்கு ஒரு பஸ் நிறையப் பிள்ளைகள் கட்டை வாங்க வருவதாக ஏற்பாடு. மிஷின் வெளியே உறுமிக்கொண்டு நின்றது. அவர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் எங்கள் கடைக்குள் வந்தார்.

"மதினி, இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் என் பக்கம் முதல்ல தள்ளச் சொல்லுங்க."

"நான் சொல்லி என்ன தம்பி. விழுந்த இடம்தானே முதல்ல? அது அவ சட்டம்."

அவர் அண்ணனைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். குரல் இறங்கியது.

"அண்ணன் என் கடை முன்னாடிதான் விழுந்தாருன்னு சொல்லுங்க."

"நான் சொன்னா எவ நம்புவா? தண்ணி தெளிச்சுப் புருஷன் இடுப்பை ஒடிச்சவளாச்சே நான்."

நாத்தனார் கையில் காப்பி அப்படியே நின்றது. "என்னண்ணே சொல்ற? நீதானே போன்ல..."

"என் கடை வாசல்லதான் விழுந்தாரு," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "மதினி தெளிக்கல."

மருமகள் மிஷின்காரம்மாவுக்குச் சைகை காட்டக் கையைத் தூக்கினாள். நான் அந்தக் கையைப் பிடித்து இறக்கினேன்.

"இரும்மா. தம்பி, ஆஸ்பத்திரியில நின்னு யார் யாருக்குப் போன் போட்டீங்களோ, அவங்களுக்கெல்லாம் இப்பப் போடுங்க. எங்களுக்கும் கேக்குற மாதிரி சத்தமா வைங்க."

"இப்பவா? எல்லாரும் தூங்கிட்டு இருப்பாங்க மதினி. பஸ் வந்துரும்."

"எழுப்புங்க. பஸ் வர்றது எனக்கும் தெரியும்."

"ஏன் மதினி, இவ்வளவு தூரம் வேணுமா?" என்றாள் நாத்தனார்.

"வேணும். நீ காப்பியைக் குடி, ஆறிரும்."

முதலில் சிட்னியில், ஸ்ட்ராத்ஃபீல்டில் இருக்கிற சித்தப்பா மகன். விடியக்காலம் போன் வந்ததும் பதறிப்போய், "பெரியண்ணனுக்கு என்ன ஆச்சு?" என்று கத்தினான். "ஒண்ணும் ஆகலைடா, போன வருஷம் அவரு விழுந்தாருல்ல..." என்று கொழுந்தனார் ஆரம்பித்தார். அடுத்து அதே சிட்னியில் பிளாக்டவுன் பெரியம்மா. காது மந்தம், அதனால் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு அது ரொம்பத் திருப்தி. "இதுக்காடா கோழி கூவுற நேரத்துல எழுப்புன?" என்று ஒருவர் திட்டினார். வளைகாப்பு வீட்டுக்காரி, "ஐயோ, அக்கா பக்கத்துல இருக்காங்களா?" என்று கேட்டாள். "இருக்கேன்மா," என்றேன். கொழுந்தனாருக்கு அந்தக் குளிரிலும் வேர்த்தது. மிஷின்காரம்மா வெளியே கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள். மருமகள் ஒரு தம்ளர் டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

கடைசிப் போனை வைத்ததும், "அவ்வளவுதான் மதினி," என்றார்.

"இன்னும் ஒருத்தர் பாக்கி."

யார் என்று விரலை மடக்கி யோசித்தார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னைய எதுக்குடி இழுக்குற?" என்றார்.

"விழுந்தது நீங்கதானே? உங்க வாயால ஒரு தடவை சொல்லுங்க. அப்புறம்தான் மிஷின் நகரும்."

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி, "சொல்லிருண்ணே," என்று அழாக்குறையாகச் சொன்னார். பஸ் விளக்கு வளைவில் தெரிந்தது.

"அவன் கடை வாசல்லதான் விழுந்தேன்," என்றார் என் வீட்டுக்காரர். "இவ மேல ஒரு தப்பும் இல்ல."

"அதை ஏண்ணே அன்னைக்கே சொல்லல?" என்றாள் நாத்தனார்.

"அதை உனக்குச் சொல்ல வேண்டாம்மா," என்றேன். "எனக்குச் சொல்லணும். சொல்லுவாரு."

மருமகளிடம் தலையசைத்தேன். அவள் வெளியே போய், விழுந்த இடம் அந்தக் கோடிதான் என்று மிஷின்காரம்மாவிடம் சொன்னாள். மிஷின் அந்தக் கோடிக்குத் திரும்பியது.

கொழுந்தனார் இப்போது என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார். நாத்தனார் விசேஷங்களில் முதல் பந்தியில் என்னை உட்கார வைக்கிறாள். மன்னித்துவிட்டீர்களா என்று மருமகள் கேட்டாள். இல்லை என்றேன்.

என் வீட்டுக்காரர் மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை. காலையில் காப்பி கொடுக்கும்போது அவர் கை நீட்டுவார். நான் தம்ளரை உடனே விடமாட்டேன். "ஏன் சொல்லல?" என்று கேட்பேன். இருவர் கையும் தம்ளரில் இருக்கும், காப்பி சுடும். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அப்புறம்தான் விடுவேன். நாளைக்கும் கேட்பேன்.