தூக்குக்கல்

மணி அடித்ததும் கில்பர்ட் மெக்ளர்க் எழுந்துவிடமாட்டான். டீயை உறிஞ்சியபடியே காது கொடுப்பான். "இது வாத்தியாரு. எண்ணி மூணே தடவ." இன்னொரு நாள், "இது புதுசா கல்யாணம் ஆனது. நாலு கையும் சேந்து இழுக்குது." அதற்குப் பிறகுதான் துடுப்பு. ஆற்றின் நடுவே தீவில் நிற்கும் அறுநூறு வருஷத்துக் கோட்டைக்கு ஆட்களைப் படகில் கொண்டுவிடுவான். பார்த்து முடித்தவர்கள் அங்கிருந்து மணி அடித்தால் போய்க் கூட்டிவருவான்.

கரையில் இருப்பது என் டீக்கடை. பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, ஒற்றைக் கெட்டிலோடு ஆரம்பித்தது. இன்றைக்கு முப்பது நாற்காலி. டீயோடு தின்னும் என் ஸ்கோன் ரொட்டிக்காகவே காரைத் திருப்பிக்கொண்டு வருகிறவர்கள் ஸ்காட்லாந்து முழுக்க உண்டு. கில்பர்ட் மட்டும் "கொஞ்சம் காஞ்சிருக்குண்ணே" என்பான். சொல்லிக்கொண்டே இரண்டு தின்பான்.

முப்பத்தொரு வருஷமாகப் படகு விடுகிறவன் கோட்டைக்குள் ஒருநாளும் போனதில்லை. வாசலுக்கு மேலே ஒரு கல் நீட்டிக்கொண்டிருக்கும். கோட்டையை ஆண்ட ராத்மோர் பிரபுக்கள் அதில்தான் ஆட்களைத் தூக்கில் போட்டார்கள். சால்மன் மீன் திருடியதாக இவன் முன்னோர், மெக்ளர்க் அண்ணன் தம்பி மூன்று பேரை ஒரே காலையில் தொங்கவிட்டார்களாம். அதிலிருந்து அந்தக் கல்லுக்குக் கீழே மெக்ளர்க் யாரும் நடப்பதில்லை. வாசற்படியைச் செப்பனிடக் கல் கொண்டுபோன இவன் அப்பாவும் வெளியிலேயே இறக்கிவைத்துவிட்டுத் திரும்பியவர்தான்.

"கயிறு எப்பவோ இத்துப்போச்சுடா" என்று சீண்டுவேன்.

"கயிறு போச்சு. கல்லு இருக்குல்லண்ணே."

போன செப்டம்பரில் கனடாவிலிருந்து கணவரோடு ஒரு அம்மாள் வந்தார். கையில் தடி. ராத்மோர் பரம்பரையாம். "எங்க வீட்டப் பாக்கத்தான் வந்தேன்" என்று கடை முழுக்கக் கேட்கச் சொன்னார். கில்பர்ட் கை கொடுத்துப் படகில் ஏற்றினான்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். மணி அடித்தது, நிற்காமல் அடித்தது. கில்பர்ட் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தான்.

"இது திரும்புற மணி இல்ல. நீங்களும் வாங்கண்ணே."

கணவர் தீவுத் துறையில் மணிக்கயிற்றை விடாமல் நின்றார். சுழல் படிக்கட்டில் அம்மாளின் கால் பிசகிவிட்டது; மேலே உட்கார்ந்திருக்கிறார், இறங்க முடியவில்லை. அந்த மனிதர் ஈர்க்குச்சி. நாற்பது வயதில் நான் என்றால் ஒற்றை ஆளாகத் தூக்கி வந்திருப்பேன். இப்போது எனக்கு எழுபத்தாறு.

வாசலில் கில்பர்ட் நின்றான். அண்ணாந்து பார்த்தான். தொப்பியைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு உள்ளே போனான்.

திரும்பும்போது அம்மாள் அவன் முதுகில் இருந்தார். கல்லுக்கு நேர் கீழே வந்ததும் கால் நின்றது.

"தலையக் குனிஞ்சுக்கங்கம்மா. மேல கல்லு இருக்கு."

கல் நாலு ஆள் உயரத்துக்கு மேலே இருந்தது. அம்மாள் அவன் தோளில் நெற்றி படுகிற அளவுக்குக் குனிந்தார். கில்பர்ட் நிமிர்ந்தபடியே வெளியே வந்து, ஒரு கையால் அவரைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டான்.