நிலக்கரி மாப்பிள்ளை

போன ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போன இடத்தில் வசமாக மாட்டிக்கொண்டேன். மாட்டிவிட்டது யார் என்கிறீர்களா? நானேதான். இதே பக்கத்தில் நான் எழுதிய ஒரு கட்டுரை.

விவரமாகச் சொல்கிறேன்.

என் அக்கா அகரத்தில் இருக்கிறாள். ஒரே மகன், சரவணன். இன்ஜினீயரிங் முடித்துவிட்டு, தெற்கே கடலோரத்தில் ஒரு தனியார் அனல்மின் நிலையத்தில் வேலை பார்க்கிறான். ரயிலில் வந்து இறங்கும் நிலக்கரியை பெல்ட்டில் ஏற்றி பாய்லருக்கு அனுப்புகிற செக்‌ஷன். பெர்மனென்ட் வேலைதான். வயது முப்பது நடக்கிறது. அத்தான் உயிரோடு இல்லை என்பதால், தாய்மாமன் என்ற முறையில் முன்னால் நின்று பேச வேண்டியவன் நான்.

இதுவரை மூன்று இடம் தட்டிப்போய்விட்டது. ஜாதகம் பொருந்தியது. பையனுக்குக் குடிப்பழக்கம் இல்லை. ஆள் லட்சணமாகவே இருப்பான் — என் ஜாடை என்று அக்காவே சொல்வாள். ஆனாலும் மூன்று வீட்டிலும் சுற்றி வளைத்து ஒரே கேள்வியில் வந்து நின்றார்கள்: ‘நிலக்கரி கம்பெனியா... அதையெல்லாம் மூடப் போறாங்களாமே?’

முன்பெல்லாம் மாப்பிள்ளை புகை பிடிப்பாரா என்று விசாரிப்பார்கள். இப்போது மாப்பிள்ளை வேலை பார்க்கிற கட்டடம் புகை விடுமா என்று விசாரிக்கிறார்கள். காலம் அப்படி. எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது... மூன்றாவது இடம் தட்டிப்போன அன்று அக்கா போனில் அழுகிற வரைக்கும்.

நாலாவதாக வந்தது தொப்பம்பட்டிப் பக்கம் ஒரு குடும்பம். பெண்ணின் அப்பா தென்னந்தோப்புக்காரர். பெண் பெயர் கௌசல்யா. ஒட்டன்சத்திரம் பக்கத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில், நூலின் தரம் பார்க்கிற லேபில் வேலை. போட்டோ பார்த்து இரண்டு பக்கத்துக்கும் பிடித்துவிட்டது. சரவணன் அந்த போட்டோவைத் தன் போனில் எத்தனை முறை எடுத்துப் பார்த்தான் என்பது, காரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும்.

“டேய் தம்பி, இது மட்டும் கூடி வந்துருச்சுன்னா எனக்கு வேற எதுவும் வேணாம்டா” என்றாள் அக்கா. “அந்த மூடுற கதைய எடுத்தாங்கன்னா நீதான் சமாளிக்கணும். இம்புட்டு எழுதுறியே, பேச மாட்டியா?”

பேச மாட்டேனா? நானா?

வீட்டு வாசலிலேயே இளநீர் கொடுத்து வரவேற்றார்கள். தோப்பு வேலிக்கு அந்தப் பக்கம் மூன்று காற்றாலைகள். அந்த ஊரில் அதைக் காத்தாடி என்கிறார்கள். ஆவணிக் காற்றில் மூன்றும் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தன. நிலக்கரி மாப்பிள்ளைக்குப் பெண் கேட்டு, காத்தாடிக்கு அடியிலா வந்து உட்கார வேண்டும்!

பெண்ணின் அப்பா நல்ல மனிதர். கை கூப்பிக்கொண்டே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நீங்க வாரா வாரம் எழுதறத ஒண்ணு விடாம படிச்சுப்போடுவனுங்க. எங்க ஊட்டுக்கு நீங்க வந்தது ரொம்ப சந்தோசமுங்க.”

ஒரு பத்தி எழுத்தாளனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அக்காவை ஒரு பார்வை பார்த்தேன். தம்பியின் மவுசு தெரிகிறதா என்று அர்த்தம்.

அவர் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவர் எடுத்து வந்தார். அதற்குள் என் கட்டுரைகள்... கத்தரித்து, தேதி எழுதி, அடுக்கி! எனக்குத் தலைகால் புரியவில்லை. அதிலிருந்து ஒன்றை மட்டும் உருவினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நிதானமாக, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார்.

‘நிலக்கரியின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. அதை நம்பிப் பிழைப்பவர்கள் இப்போதே வேறு வழி பார்த்துக்கொள்வது நல்லது.’

சித்திரை வெயிலில் எழுதியது. அப்போதுதான் வீட்டு மாடியில் சோலார் போட்டிருந்தேன். அந்த கர்வத்தில், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, உலகத்துக்கே புத்தி சொல்லியிருந்தேன். வாசகர்கள் போன் போட்டுப் பாராட்டினார்கள். கடைசி வரி பிரமாதம் என்றார்கள்.

அந்தக் கடைசி வரிக்கு அவர் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க” என்றார். “நீங்களே இப்படி எழுதியிருக்கறப்ப, பொண்ணக் குடுக்கறவன் நான் என்னன்னு எடுத்துக்கறதுங்க?”

அக்கா என்னைப் பார்த்தாள். இளநீரை வைக்கவும் தெரியாமல் குடிக்கவும் தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“அது... பொதுவா எழுதினதுங்க” என்றேன்.

“பொதுவாவுங்களா?”

“பத்திரிகைல எழுதும்போது கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கும்.”

“அப்ப நெசமில்லீங்களா?”

என்ன பதில் சொல்வது? நிஜம் என்றால் அக்கா மகனின் கல்யாணம் போச்சு. நிஜமில்லை என்றால் இந்தப் பக்கத்தில் இத்தனை வருடம் எழுதிய என் மானம் போச்சு. நான் மானத்தை விட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உங்களிடம் மறைப்பானேன்? இன்றைக்கும் நம் வீட்டுக்கு வருகிற கரண்ட்டில் பெரும்பங்கு நிலக்கரியில் இருந்துதான் வருகிறது என்றேன். எல்லாவற்றையும் திடுதிப்பென்று மூட முடியாது என்றேன். மழைக்காலத்தில் சோலாரை நம்ப முடியுமா என்றேன். நிலக்கரிக்கு நான் வக்காலத்து வாங்குவதைப் பார்த்து சரவணனே மிரண்டு போனான்.

“ஆனா இதுலயே போட்டிருக்கீங்களே...” என்று அவர் தாளைப் புரட்டினார். நான் சொன்ன ஒவ்வொரு வாதத்துக்கும் என் கட்டுரையிலேயே பதில் இருந்தது. பகல் கரண்ட்டை பேட்டரியில் சேர்த்து வைப்பார்கள் என்று எழுதியிருந்தேன். புதிதாக நிலக்கரியில் காசு போட பெரிய முதலாளிகளே தயங்குகிறார்கள் என்று எழுதியிருந்தேன். வாசகரோடு விவாதம் செய்து ஜெயித்துவிடலாம். பேனா பிடித்த தன் கையோடு எப்படி ஜெயிப்பது?

கடைசியில் அவர் தாளை மடித்து வைத்துவிட்டு, சரவணன் பக்கம் திரும்பினார்.

“தம்பி, நீங்களே சொல்லுங்க. உள்ளார இருக்கறவங்க நீங்க. வேல நெலச்சு நிக்குமுங்களா?”

‘நிக்கும்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அக்காவின் உதடு அந்த வார்த்தையை அவனுக்கு முன்னால் சொல்லிப் பார்த்தது.

சரவணன் கையிலிருந்த இளநீரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

“தெரியலங்கய்யா. நான் சேர்ந்து ஆறு வருசம் ஆச்சு. எனக்குப் பின்னாடி எங்க செக்‌ஷனுக்கு ஒருத்தரைக்கூட எடுக்கல. இன்னமும் என்னைய புதுப் பையன்னுதான் கூப்பிடுறாங்க.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். இதை அவன் எங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. நாங்கள் கேட்டதும் இல்லை.

அப்போதுதான் கௌசல்யா பேசினாள். அதுவரை கதவோரம் அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவள்.

“ஏனுங்கப்பா, சாயந்திரம் வெயிலும் போயி, காத்தும் நின்னு போற நாள்ல எங்க மில்லு எதுல ஓடுது? இவங்க அனுப்பற கரண்ட்டுலதானுங்களே?”

“அதுக்கில்ல கண்ணு...”

“மில்லுலயும் புது மெஷின் வந்துட்டேதான் இருக்குது. லேபுல ஆறு பேரு இருந்தோம், இப்ப மூணு பேரு. என்ற வேல நிக்குமான்னு இவங்க யாரும் கேக்கலையேப்பா.”

பெண்ணின் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார், மறுபடி மாட்டினார், மறுபடி கழற்றினார். பிறகு, “ஊட்டுல கலந்து பேசிட்டு சொல்றனுங்க” என்றார். கலந்து பேசுவது என்றால் என்ன அர்த்தம் என்று கல்யாண வயதில் பிள்ளை வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் வழியனுப்ப வந்தவர், சரவணனின் கையைப் பிடித்துக்கொண்டுதான் கார் வரை நடந்தார். அதை எப்படி எடுத்துக்கொள்வது? இதை எழுதுகிற வியாழக்கிழமை மதியம் வரை போன் வரவில்லை. போன் மணி அடித்தால் அக்கா எடுக்க பயப்படுகிறாள். அடித்து ஓய்ந்ததும் எனக்குப் போன் போட்டு, அந்த நம்பர் அவர்களுடையதா என்று கேட்கிறாள்.

திரும்பி வரும்போது பழனி தாண்டுகிற வரைக்கும் அக்கா என்னை ஒரு வழி பண்ணிவிட்டாள். “எழுதுறதுக்கு வேற விசயமே கெடைக்கலியாடா உனக்கு? அம்புட்டுக் கரியவும் நீதான் எரிச்சியா, அணைக்கிறேன்னு கெளம்பிட்டே?” எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். திட்டித் திட்டி ஓய்ந்து, ஒட்டன்சத்திரம் வருவதற்குள் அவள் தூங்கிவிட்டாள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் எழுதியது தப்பா? இல்லை. வெயில் ஏறுவதும் பொய்யில்லை, புகையைக் குறைக்க வேண்டும் என்பதும் பொய்யில்லை. இன்றைக்கு எழுதச் சொன்னாலும் அதைத்தான் எழுதுவேன். ஆனால் ‘நிலக்கரியை நம்பிப் பிழைப்பவர்கள்’ என்று எழுதியபோது என் மனசில் ஒரு முகம்கூட இல்லை. என் தோளில் உட்கார்ந்து திருவிழா பார்த்தவன் அந்தக் கூட்டத்தில் இருக்கிறான் என்பதே எனக்கு உறைக்கவில்லை. அந்தக் கரி பெல்ட்டுக்குப் பக்கத்தில் ஆறு வருடமாக அவன் என்ன நினைத்துக்கொண்டு நின்றிருப்பான்? பயமாக இருந்தது. அவனுக்காகவும், அந்தப் பெண்ணுக்காகவும்.

“மன்னிச்சுக்கடா சரவணா” என்றேன். “அந்தக் கட்டுரைய உன்னைய நெனச்சு எழுதல.”

“தெரியும் மாமா. வந்த அன்னைக்கே படிச்சேன். எங்க கேன்டீன்ல எல்லாருமே படிச்சோம்.”

“ஏன்டா, அப்பவே ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமுல்ல?”

அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னான். கோபமே இல்லாமல் சொன்னான்.

“வேற வழி பார்த்துக்கங்கன்னு எழுதியிருந்தீங்கல்ல மாமா... அது என்ன வழின்னு அடுத்த வாரம் எழுதுவீங்கன்னு எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தோம். நீங்க நத்தம் மாம்பழத்தப் பத்தி எழுதிட்டீங்க.”

இந்த வாரமும் எனக்கு வழி தெரியவில்லை. மாம்பழத்தைப் பற்றி எழுதவில்லை, அவ்வளவுதான்.