ஹெலன் படத்தைச் சுற்றி விழுந்த கறுப்புக் கோடு

பெங்களூர் பொம்மசந்திராவில் எங்கள் கம்பெனியின் சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் அறையில் டெலிவரி சலான் அடிப்பவர் கிறிஸ்டோபர் சார். ஐம்பத்தேழு வயது. தினமும் கோலார் தங்கவயலில், எங்கள் பேச்சில் கேஜிஎஃப்பில், விடியற்கால ரயிலைப் பிடித்து வருவார். ஒரே ஒரு நாளைத் தவிர அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஜெயலட்சுமி நான். என் குரல் கம்பெனி கேட்டுக்கு வெளியே வரைக்கும் போகும்.

போன ஜூலையில் அவர் மனைவி ஹெலனுக்குச் சர்க்கரையால் காலில் புண் வந்து, விஷம் ஏறி, நினைவு தப்பிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் பிழைப்பார் என்றார் டாக்டர். ஆனால் நினைவு இருந்தபோதே ஹெலன் சாரிடம் பைபிள்மேல் சத்தியம் வாங்கியிருந்தார்: காலை மட்டும் எடுக்க விடக்கூடாது. சார் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடவில்லை. ஆஸ்பத்திரியில் மாலையில்தான் உள்ளே விடுவார்கள் என்று பகலெல்லாம் வேலைக்கு வந்து உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரம்தான் அதைச் செய்தார். தன் கம்ப்யூட்டர் திரையின் அடியில் பட்டன்கள் வரிசையாக இருக்கும் பேனலை இடது ஓரத்துக்கு மாற்றி, அகலமாக்கி, ஹெலன் சர்ச் வாசலில் நிற்கும் படத்தை அதற்குப் பின்னணியாக வைத்தார். எங்கள் பழைய சிஸ்டத்தில் பேனலைச் சுற்றித் தானாகவே ஒரு கறுப்புக் கோடு விழும். அவர் கவனிக்கவில்லை. தினம் பார்க்கிற எனக்கும் உறைக்கவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எங்கள் அறையிலேயே வேலை செய்யும் பிரகாஷ் லீவு முடிந்து வந்து பார்த்தான். கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு பெண்ணின் படம். பேப்பரிலும் சுவரிலும் நாம் யாரை அப்படிப் போடுவோம்? பாவம், அவன் ஷூவைக் கழற்றிவிட்டு வந்து சாரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“எப்ப சார் ஆச்சு? ஒரு போன் பண்ணியிருக்கலாமே. அடக்கம் முடிஞ்சிடுச்சா?”

சார் கையை உதறினார். “இன்னாயா பேசற? அவ உயிரோட கீறாய்யா!” அறையே திரும்பிப் பார்த்தது. என்னிடம் வந்தார். “மேடம், அந்தக் கோட்டை எடுங்க. இப்பவே எடுங்க.”

பேனல் செட்டிங்கில் படம் வைக்க இடம் உண்டு, ஓரக்கோட்டை எடுக்க இல்லை. கோடு தீமிலிருந்து, அதாவது திரை முழுவதற்குமான அலங்கார அமைப்பிலிருந்து வருவது. ஓரக்கோடு வேண்டாம், நிழல் வேண்டாம் என்று நாலு வரி எழுதி ஒரு ஃபைலில் போட்டு, பேனலை நிறுத்தித் திரும்ப ஓட்டினேன். நடுவில் ஒரு நொடி ஹெலன் திரையில் இல்லை. சார் என் நாற்காலியை இறுகப் பிடித்தார். பிறகு படம் வந்தது, கோடில்லாமல்.

“போயிடுச்சு,” என்று மூச்சுவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“எது சார் போயிடுச்சு? இங்க கோட்டை எடுத்துட்டா அங்க பிழைச்சுக்குவாங்களா? பிரகாஷ் இன்னிக்குக் கேட்டதை ஊரே வந்து கேக்கப் போகுது. போய்க் கையெழுத்துப் போடுங்க சார்!”

சார் சாப்பாட்டுப் பையைக்கூட எடுக்காமல் போனார். அன்று மாலையே ஆபரேஷன் நடந்தது.

ஹெலன் பிழைத்தார். ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் சாரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு வைத்தால் சாப்பிடுவார், முகத்தைப் பார்க்க மாட்டார். “சத்தியத்தை மீறினவன்தானே மேடம் நான்,” என்பார் சார். கையெழுத்துப் போடச் சொன்னவள் நானல்லவா?

நவம்பரில் ஒருநாள் காலை, பையை மேசைமேல் வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

“இன்னிக்குப் பேசினா மேடம்.”

“இன்னா சொன்னாங்க?”

“‘பாத்ரூமுக்குத் தூக்கினு போய்யா’ன்னா.”

சொல்லிவிட்டு, எல்லோருக்கும் முன்னால் நின்றபடியே அழுதார்.