மோத்திக்குச் சொல்லிக் கொடுத்தது

“…அதுக்கு இன்னா தெரியும், தவாலே? சொல்லிக் குடுத்தத செய்யுது. நீங்க கிளம்புங்க. சங்கிலி எது வரைக்கும் வரும்னு எனக்குத் தெரியும்” என்றார் ஜோனே மாமா.

வாசலில் டாக்சி நின்றது. பெட்டிகளை ஏற்றியாகிவிட்டது. மாட்டுக் கொட்டகைக் கம்பத்தில் கட்டியிருந்த எங்கள் நாய் மோத்தி, அவரைப் பார்த்துத் தொண்டை கிழியக் குரைத்துக்கொண்டிருந்தது. சித்தப்பாவின் கையில் கரும்பு வெட்டும் கத்தி. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு டாக்சிக்குள் உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் சிட்னிக்குப் போகிற காலை அது.

ஜோனே மாமா கைவிட்டி. பிஜியின் சொந்த ஜனங்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். சபேட்டோ பள்ளத்தாக்கில் எங்கள் கரும்புக்குப் பின்னால் ஓடுகிற ஓடையைத் தாண்டினால் அவருடைய கிராமம். நாங்கள் பயிர் வைத்த நிலமே அவர் கூட்டத்தாருடையதுதான், குத்தகை மட்டும் எங்களுக்கு. அப்பாவும் அவரும் சின்ன வயதில் ஒரே குதிரையில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து ஊர் சுற்றியவர்கள். எங்கள் ஆட்களோடு கரும்பு வெட்டி வெட்டியே அவருக்குத் தமிழ் வந்துவிட்டது. பிள்ளைகளான எங்களுக்கு அது வரவில்லை. நாங்கள் இந்தியிலேயே பேசி இந்தியிலேயே சண்டை போட்டவர்கள். மாரியம்மன் கோயிலில் பூசாரி தமிழில் ஏதாவது அதட்டினால், கூட்டத்தில் நிற்கிற ஜோனே மாமாதான் எங்கள் பக்கம் குனிந்து, “தள்ளி நிக்கச் சொல்றாரு” என்று அதை இந்தியில் சொல்வார்.

அப்பாவை அவர் ‘தவாலே’ என்று கூப்பிடுவார். அவர்கள் மொழியில் மச்சான். அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை என்றால் கேலி பேசலாம், எதை வேண்டுமானாலும் உரிமையோடு கேட்கலாம் என்பது அவர்களுக்கும் நமக்கும் ஒரே வழக்கம். அப்பாவுக்கு மச்சான் என்றால் எனக்கு மாமா. இதில் யாருக்கும் சந்தேகமே இருந்ததில்லை.

ஆனால் எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு ஜனத்துக்கும் ஒரு பேச்சு வைத்திருந்தார்கள். கைவிட்டி என்றால் சோம்பேறி. குஜராத்திக் கடைக்காரர் என்றால் கஞ்சர். முஸ்லிம் என்றால் முன்கோபி. வடக்கத்திக்காரர்கள் எங்களை ‘கட்டா பானி’ என்பார்கள், புளித்தண்ணீர் என்று பொருள். ரசம் குடிக்கிறோமாம், அதற்காக. கிராமத்துக்காரர்கள் எங்களைப் பற்றிச் சொன்னது, ‘அவங்க பைசாவையும் கல்லையும் கும்பிடுற ஆளுங்க’ என்று. ஜோனே மாமாவே அதைச் சொல்லிவிட்டு அப்பாவின் தோளில் தட்டிச் சிரிப்பார். அப்பா, “நீ வேலைக்குப் போறன்னு கேள்விப்பட்டேன், ஒடம்புக்கு இன்னா?” என்பார். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே சிரட்டையில், வேரை இடித்துக் கரைக்கிற யங்கோனா குடிப்பார்கள். அந்தப் பேச்சுகளுக்குப் பல் இருக்கிறது என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

மோத்தி குட்டியாக வந்ததும் அதற்கு வித்தை பழக்கியவர் சித்தப்பா. “மோத்தி, போலீஸ்!” என்றால் குப்புறப் படுத்துக்கொள்ளும். “மோத்தி, கைவிட்டி!” என்றால் பல்லைக் காட்டி உறுமும். விருந்தாளி யார் வந்தாலும் இந்த நாடகம் உண்டு. ஜோனே மாமா இருந்தால் இன்னும் அமர்க்களம். சித்தப்பா சொல்லி வாய் மூடுவதற்குள் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “செத்தேன், ஐயோ, கறுப்பன் செத்தான்!” என்று புல்லில் சாய்ந்துவிடுவார். மோத்தி ஓடிப்போய் அவர் முகத்தை நக்கும். “போதும் மருமவனே, போதும்” என்று அதைக் கட்டிக்கொண்டு புரளுவார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

பிறகுதான் பட்டாளத்துக்காரர்கள் சுவாவில் பாராளுமன்றத்துக்குள் புகுந்து ஆட்சியைப் பிடித்தார்கள். சுவா எங்களுக்குத் தீவின் அந்தக் கோடி. எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு கல்கூட விழவில்லை. ஆனால் அப்பா வேலை பார்த்த நாந்தி விமான நிலையத்துக்குப் போகும் வழியில் துப்பாக்கியோடு ஆட்கள் நின்றார்கள். இந்த நாடு யாருக்குச் சொந்தம் என்று ரேடியோ பேசியது. ஞாயிற்றுக்கிழமை யாரும் வேலை செய்யக்கூடாது, சர்ச் நாள் என்று உத்தரவு வந்தது. கரும்பு வெட்டக் கூலிக்கு வருகிற கைவிட்டிப் பையன்கள் வழக்கம்போல வந்தார்கள். நாங்கள்தான் ஜன்னலுக்குள்ளிருந்து அவர்களை எண்ணிப் பார்க்க ஆரம்பித்தோம்.

சித்தப்பா அந்த நாட்களில் ஆளே மாறிவிட்டார். “ஆளப் பாத்தாலே தெரியாதா?” என்பதுதான் எப்போதும் அவர் வாயில். வீட்டுக்குக் காவல் வேண்டும், நாயை நிஜமாகவே பழக்க வேண்டும் என்றார். கொடியில் ஒரு சூலு காய்ந்துகொண்டிருந்தது. சூலு என்பது கைவிட்டி ஆண்கள் வேட்டி மாதிரி இடுப்பில் சுற்றிக்கொள்வது. ஒரு மழை நாளில் ஜோனே மாமா நனைந்து வந்து, அப்பாவின் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, ஈரச் சூலுவை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார். அம்மா அதைத் துவைத்துப் போட்டிருந்தாள். சித்தப்பா அதை எடுத்து, உள்ளே கரும்புச் சோகையைத் திணித்து, கொட்டகைக்குப் பின்னால் ஒரு கழியில் ஆள் மாதிரி கட்டினார். பிறகு அதன் பின்னால் நின்றுகொண்டு, அந்தச் சூலுவுக்குள்ளிருந்து அடி விழுகிற மாதிரி மோத்தியைப் பிரம்பால் அடித்தார். ஒவ்வொரு சாயங்காலமும் இது நடந்தது. அப்பா விமான நிலையத்தில் இருக்கிற நேரம். முதலில் மோத்தி வாலை ஆட்டிக்கொண்டு அந்தத் துணியை முகர்ந்தது. சில நாளில் பதுங்கியது. அப்புறம் பாய்ந்து கிழித்தது. “சபாஷ்” என்று சித்தப்பா ஒரு துண்டு ரொட்டி போட்டார். அதுவும் பழைய வித்தை மாதிரி இன்னொன்று என்றுதான் எனக்குப் பட்டது.

சித்தப்பா பிற்காலத்தில் சிட்னியில் எங்கள் தெருவிலிருந்த ஒரு வெள்ளைக்கார வீட்டு நாய்க்குப் பயந்து எதிர்ச் சாரியில் நடப்பார். அது எல்லோரையும் விட்டுவிட்டு நம்மைப் பார்த்து மட்டும் குரைக்கிறது, அதற்கு இன்னா கேடு என்று கேட்பார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

பட்டாளம் ஆட்சியைப் பிடித்த அந்த வருஷமே அப்பா ஊரை விடுவதென்று முடிவு செய்தார். பெரியம்மா சிட்னியில் இருந்தாள், அவள் கூப்பிட்டாள். மாடுகளுக்கு, கலப்பைக்கு, அம்மாவின் தையல் மெஷினுக்கு எல்லாம் ஆள் கிடைத்தது. மோத்திக்குக் கிடைக்கவில்லை. வீட்டை வாங்கிய பா நகரத்துக்காரர், எனக்கே இரண்டு நாய் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் தாங்களே கிளம்பிக்கொண்டிருந்தார்கள். “எனக்குக் குடுத்துட்டுப் போ தவாலே, என் மருமவன்தானே” என்றார் ஜோனே மாமா. அப்பாவுக்கு அன்று முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

அவர் போன பிறகு சித்தப்பா எங்களைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். “இவங்க தாத்தன்மாரு மனுஷனையே சுட்டுத் தின்னவங்க. நாய விடுவாங்களா?” அம்மா, “புள்ளைங்ககிட்ட இன்னா பேச்சு” என்று அதட்டினாள். அதட்டினாளே தவிர, பொய் என்று சொல்லவில்லை. எனக்கு எட்டு வயது. நான் அதை அப்படியே நம்பினேன்.

மோத்தியைக் கூட்டிப்போக ஜோனே மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தார். வெள்ளைச் சட்டை, தேய்த்த சூலு, கையில் புதுக் கயிறு. “வா மருமவனே, நம்ம வீட்டுக்குப் போலாம்” என்று கொட்டகைப் பக்கம் போனார். மோத்தி வாலை ஆட்டிக்கொண்டு எழுந்தது, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. காற்றில் அவருடைய சூலுவின் ஓரம் படபடத்தது. அவ்வளவுதான். ஒரே பாய்ச்சல். அவர் முன்கையில் பல் இறங்கி, வெள்ளைச் சட்டை சிவப்பாகிவிட்டது.

அவர் நாயை உதைக்கவில்லை. அதன் வாயைத் தானே விடுவித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். நகர்ந்த இடத்திலிருந்துதான் கொட்டகைக்குப் பின்னால் கழியில் தொங்கியதைப் பார்த்தார். கிழிந்து, சோகை பிதுங்கி, மண்ணும் எச்சிலுமாக அவருடைய சூலு. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பாவும் அன்றுதான் முதல் தடவையாக அதைப் பார்த்தார்.

“தொவச்சு வெச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்” என்றார் ஜோனே மாமா. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. புதுக் கயிற்றை வேலியில் மாட்டிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போனார். அப்பா “தவாலே” என்று ஒரு தடவை கூப்பிட்டார். அவர் திரும்பவில்லை.

அன்றைக்கு அப்பா சித்தப்பா மேல் கை ஓங்கினார். அடிக்கவில்லை. “ரத்தம் பாத்துட்டான். ஆளுங்கள இட்டுக்கினு வருவான், பாருங்க” என்றார் சித்தப்பா. அப்பா அதை நம்பவில்லை என்றுதான் சொன்னார், ஆனாலும் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார். அந்த வாரம் முழுக்க ஓடைப் பக்கம் ஆள் நடமாடினாலே வீடு மூச்சு விடாது. யாரும் வரவில்லை. அப்பா ஒரு தடவை கிராமத்துக்குப் போகச் சட்டையை மாட்டிக்கொண்டு, வேலி வரைக்கும் போய்த் திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

நாயை இனி யாரும் எடுக்க மாட்டார்கள் என்று ஆகிவிட்டது. கட்டிப்போட்டபடி விட்டுப்போனால் பட்டினியில் சாகும், அவிழ்த்து விட்டால் கடித்துவிட்டு அடிபட்டுச் சாகும், அதற்குப் பதிலாகக் கரும்புக்கு அடிக்கிற களைமருந்தை ஒரு ரொட்டியில் தடவிக் கொடுத்தால் முடிந்தது என்றார் சித்தப்பா. அப்பா சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கிளம்புகிற நாள் காலையில் அம்மா மாவு பிசையவே இல்லை. எங்களுக்கும் ரொட்டி கிடையாது, டீயும் பிஸ்கட்டும்தான். சித்தப்பா கடையில் வாங்கிய பிரட்டிலேயே மருந்தைத் தடவி, தகரத் தட்டில் சமையலறைப் படியில் வைத்தார். டாக்சி வரட்டும், பிள்ளைகள் ஏறின பிறகு போடலாம் என்று.

டாக்சி வந்தது. கூடவே ஓடைப் பக்கமிருந்து ஜோனே மாமாவும் வந்தார், தனி ஆளாக. கடிபட்ட கையில் துணிக்கட்டு, இன்னொரு கையில் ஒரு சின்ன மூட்டை. சித்தப்பா கத்தியை எடுத்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் ஜோனே மாமா பேன்ட் போட்டிருந்தார். அந்த ஒரு மழை நாளைத் தவிர, அவரை நான் சர்ச்சிலும் சூலுவில்தான் பார்த்திருக்கிறேன், கரும்பிலும் சூலுவில்தான். யாரோ மெலிந்த ஆளுடைய பேன்ட், மேல் பொத்தான் போடவே முடியவில்லை, கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. வெளிநாடு போகிறவர்களை வழியனுப்ப அப்படி உடுத்த வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அவர் நேரே சமையலறைப் படிக்குப் போனார். தட்டை எடுத்து முகர்ந்தார். “இது அதுக்கா?” என்று அம்மாவைக் கேட்டார். அம்மா தலையை ஆட்டினாள். தட்டோடு கொண்டுபோய்க் கக்கூஸ் குழியில் போட்டுவிட்டு வந்தார். மோத்தி அவரைப் பார்த்ததும் வெறி பிடித்தது போலக் குரைக்கத் தொடங்கியது. அப்பா இரண்டு அடி முன்னால் வந்து, “அதுக்கு உன்னத் தெரியல, தவாலே…” என்று இழுத்தார். எதற்கோ மன்னிப்புக் கேட்க வந்து, வார்த்தை கிடைக்காமல் நாயின் மேல் போட்டது மாதிரி இருந்தது. அப்போதுதான் ஜோனே மாமா, அதுக்கு இன்னா தெரியும் என்றார். சங்கிலி எது வரைக்கும் வரும் என்று தனக்குத் தெரியும் என்றார்.

டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார். ஏறினோம். அப்பா கடைசியாக ஏறினார். கதவைச் சாத்தின பிறகும் கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தார்.

மோத்தியின் சங்கிலி உராய்ந்து உராய்ந்து, கம்பத்தைச் சுற்றிப் புல் இல்லாத ஒரு வட்டம் தேய்ந்திருந்தது. ஜோனே மாமா அந்த வட்டத்துக்கு ஒரு முழம் வெளியே போய், நாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கரும்பைப் பார்த்தபடி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மோத்தி அவர் முதுகுக்குப் பின்னால் எகிறி எகிறி விழுந்தது.

“பாத்தீங்களா, குந்திட்டான்” என்றார் முன் சீட்டிலிருந்து சித்தப்பா. “இனிமே எழுந்திருப்பான்னு நெனைக்கிறீங்க? ஆளப் பாத்தாலே தெரியாதா?”

எனக்கோ வேறு பயம். நாங்கள் மறையட்டும் என்று காத்திருக்கிறார். மறைந்ததும் மோத்தியை என்ன செய்வார் என்று சித்தப்பா ஏற்கெனவே சொல்லியிருந்தார். பின் சீட்டில் மண்டியிட்டு, கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு அழுதேன். “அவர்கிட்ட சொல்லும்மா, மோத்திய ஒண்ணும் பண்ண வேணாம்னு சொல்லும்மா” என்று அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அம்மா முகத்திலிருந்து துணியை எடுக்கவில்லை.

ஜோனே மாமா எங்கள் பக்கம் பார்க்கவில்லை. மடியில் வைத்திருந்த மூட்டையை அவிழ்த்து, வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு ஒன்றை எடுத்து இரண்டாகப் பிட்டார். ஒரு பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். மறு பாதியை, திரும்பிப் பார்க்காமலேயே, தோளுக்கு மேலாகப் பின்னால் போட்டார்.