லென்சில் ஒரு சொட்டுப் பசை

அந்தப் படங்களை அழிக்கச் சொன்னது நீங்கள்தான். வேறு யாரும் இல்லை. பெருமாநல்லூர் ரோட்டில் இருக்கும் உங்கள் பனியன் கம்பெனி வாசலில், அத்தனை பேர் பார்க்க, என் மேஜைக்கு முன்னால் நின்று சொன்னீர்கள். "அவசரத்துல ஏதோ சொல்லியிருப்பேன்" என்று பிற்பாடு ஒருவரிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவசரம் ஒன்றும் இல்லை. டீ குடித்துக்கொண்டே சொன்னீர்கள்.

பட்டனை அமுக்கிய விரல் என்னுடையது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

உங்களிடம் ஆறு வருடம் வேலை பார்த்தேன். எம்பிராய்டரி டிசைனைக் கம்ப்யூட்டரில் போட்டு மெஷினுக்கு அனுப்புவது என் வேலை. கட்டிங்குக்கும் செக்கிங்குக்கும் நடுவில் எனக்கு ஒரு சின்ன ஏசி அறை. ஏசி எனக்காக வைத்ததில்லை, கம்ப்யூட்டருக்காக வைத்தது. அது பழுதானால் ஒரே நாளில் ஆள் வருவார். எனக்குக் காய்ச்சல் வந்தால் அப்படி யாரும் வந்ததில்லை.

எனக்கு மின்னணுச் சாமான்களின் மேல் பைத்தியம். போன், பாட்டு கேட்கும் கருவி, டிஜிட்டல் கேமரா, எது கைக்கு வந்தாலும் கழற்றிப் பார்த்துவிட வேண்டும். அதனால் கம்பெனியில் யார் போன் வாங்குவதென்றாலும் முதலில் என் அறைக் கதவைத்தான் தட்டுவார்கள். நானும் கேட்டதற்கு மேல் பேசுவேன். ஒவ்வொரு போனுக்கும் ஒவ்வொரு சார்ஜர் முனை வைப்பது சுத்தக் கொழுப்பு என்பேன். எல்லாருக்கும் காது ஒன்றுபோலத்தானே இருக்கிறது, ஹெட்போன் ஓட்டை மட்டும் ஏன் ஆளுக்கொரு அளவு என்பேன். காசு கொடுத்து இறக்கிய ரிங்டோனைப் பக்கத்தில் இருப்பவர் போனுக்கு அனுப்பப் போனால், 'இது பாதுகாக்கப்பட்டது' என்று வரும். யாரிடமிருந்து பாதுகாக்கிறார்கள்? வாங்கியவரிடமிருந்துதான். என் சொந்த சிடியிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றிய பாட்டுகள், ஒருமுறை கம்ப்யூட்டரை அழித்துத் திரும்பப் போட்டதும், உனக்கு உரிமம் இல்லை என்று என்னிடமே சொல்லிவிட்டன. காசு நான் கொடுத்தேன், சாமான் வேறு யார் பேச்சையோ கேட்கிறது. எனக்கு வரும் கோபமெல்லாம் இதனால்தான்.

போன் வாங்கும் எல்லாரிடமும் தவறாமல் ஒன்று சொல்வேன். "லாக் நம்பர் போட்டு வைங்க. அஞ்சு நம்பர். கட்டினவர் கேட்டாலும் சொல்லாதீங்க. உங்க போனு உங்க ஊடு மாதிரி."

செக்கிங் பிரிவில் ஒரு பெண் இருந்தார். இன்னும் உங்களிடம்தான் வேலை பார்க்கிறார், நீங்கள் நன்றாக அறிவீர்கள். கணியூர்ப் பக்கத்துக்காரர். கணவர் மங்கலத்தில் விசைத்தறி ஓட்டினார். இருவரும் மங்கலத்திலேயே குடியிருந்தார்கள். இவர் கம்பெனி வேனில் வந்து போவார். ஒருநாள் என் அறைக்கு வந்து நின்றார்.

"ஏனுங்ணா, ஒரு பழைய போனு பாத்துக் குடுங்க. படம் தெளிவா உழுகோணும். பேசறதுக்கு எதா இருந்தாலும் பேசும்."

"யாரைப் படம் புடிக்கப் போறீங்க?"

"எங்கூட்டுக்காரரத்தானுங்க. கல்யாணத்துல புடிச்சதோட செரி. அப்ப ஒல்லியா இருந்தாரு. இப்ப அதுக்குள்ள அடங்குவாரான்னு பாக்கோணும்."

வெளியே செக்கிங் மேஜை முழுதும் சிரித்தது. "அடங்கலீன்னா ரெண்டு படமா புடிச்சு ஒட்டிக்கோ அக்கா" என்று ஒரு குரல் வந்தது.

நான்தான் போய்ப் பார்த்து வாங்கித் தந்தேன். படம் நன்றாக விழும் போன். ஆனால் அதில் மெமரி கார்டு போட இடமில்லை, ப்ளூடூத்தும் இல்லை. எடுக்கும் படமெல்லாம் போனுக்குள்ளேயே கிடக்கும். வெளியே எடுக்க அந்த மாடலுக்கென்று தனி கேபிள் வேண்டும். திருப்பூரில் அது கிடைக்கவில்லை. 'பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டேன். நாள் முழுக்க மற்றவர்களுக்கு உபதேசம் செய்கிறவன் செய்த தவறு அது.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கணவரின் வலது கையில் இரண்டு விரல்கள் தறியில் போயின. தறியின் பக்கவாட்டில் சுழலும் பல்சக்கரத்துக்கு இரும்பு மூடி இருக்க வேண்டும். அந்தத் தறியில் இல்லை. தகவல் கேட்டு இவர் ஓடிப்போனபோது, ஆட்டோ வரவில்லை என்று கையைத் துண்டில் சுற்றி உட்காரவைத்திருந்தார்களாம். பக்கத்துத் தறிக்காரர் இவர் காதோரம் சொல்லியிருக்கிறார். "அம்மணி, படம் புடிக்கற போனு வெச்சிருக்கறயே, அந்தச் சக்கரத்த ஒண்ணு புடிச்சு வெய்யி. நாளைக்கு மூடி வந்துரும். ஆனா என்னையச் சாட்சிக்குக் கூப்பிடாத சாமி, எனக்கும் பொழப்பு இருக்குது."

அழுதுகொண்டே நான்கு படம் எடுத்திருக்கிறார். மறுநாள் மூடி வந்துவிட்டது. மூடி எப்போதும் இருந்ததுதான், அவர்தான் கழற்றிவிட்டுக் கையை விட்டார் என்று தறிகளின் முதலாளியான தறிக்குடோன்காரர் சொல்லிவிட்டார். நஷ்டஈடு கேட்டுத் தொழிலாளர் அலுவலகத்தில் மனு போட்டார்கள். கையில் இருந்த ஆதாரம் அந்த நான்கு படங்கள் மட்டும்.

எனக்குக் காட்டினார். முதல் இரண்டும் ஆடியிருந்தன. மற்ற இரண்டிலும் சக்கரம் பல் பல்லாகத் தெரிந்தது. மூடி இல்லை. பற்களில் ரத்தம் இருந்தது.

"இதைப் பத்திரமா கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுங்ணா."

"கோயமுத்தூர் போனா கேபிள் வாங்கிட்டு வந்துடறேன்" என்றேன். மூன்று வாரம் போகவில்லை. ஷிப்மெண்ட் வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த மூன்றாவது வாரத்தில்தான் யானைப் பிரச்சினை வந்தது. குழந்தைகள் இரவு உடையின் நெஞ்சில் ஒரு யானை. டிசைன் நான் போட்டது. அதே யானை வேறொரு கம்பெனியின் சாம்பிளில், காதை மட்டும் கொஞ்சம் சிறிதாக்கித் தொங்கியதைப் பார்த்துவிட்டு வந்து நீங்கள் குதித்தீர்கள். காலையில் மைக்கில் அறிவித்தீர்கள். "நம்ம டிசைனை யாரோ போன்ல படம் புடிச்சு விக்கறாங்க. இனி கேமரா போன் உள்ள வரக்கூடாது. வந்தா கேமராவுல பசை வெச்சுட்டுத்தான் உள்ள உடுவோம்."

அந்த யானை நம்முடையதா முதலில்? நம்மிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பிய வேறொரு கம்பெனிச் சட்டையின் போட்டோவைப் பார்த்து நான் போட்டது. தும்பிக்கையை மட்டும் திருப்பிவிடச் சொன்னது நீங்கள். அது திருட்டில்லை, மற்றவர் காதைச் சிறிதாக்கினால் மட்டும் திருட்டு.

எந்தப் போனில் கேமரா இருக்கிறது என்று செக்யூரிட்டிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வாசலில் மேஜை போட்டு என்னை உட்காரவைத்தீர்கள். பக்கத்தில் செக்யூரிட்டி பசை ட்யூபோடு நின்றார். நான் போனைத் திருப்பிப் பார்த்துத் தலையாட்டினால் அவர் ஒரு சொட்டு வைப்பார். போன் என்பது ஊடு மாதிரி என்று சொன்ன அதே ஆள் வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு ஊட்டையும் அடையாளம் காட்டிக்கொண்டிருந்தேன். வேலை போய்விடும் என்ற பயம்தான். அதற்கு மேல் காரணம் இல்லை.

ஜனங்கள் சிரித்துக்கொண்டுதான் வந்தார்கள். "போனுக்குக் கண்ணு ஆபரேசனுங்களா? கண்ணாடி போட்டுக்கலாமில்ல, இது வேறயா?" என்றார் ஒரு கட்டிங் மாஸ்டர். தேனிப் பக்கத்து டெய்லர் ஒருவர் போனைப் பிடுங்கிக்கொண்டார். "ஏண்ணே, அது கேமரா இல்லண்ணே, ஸ்பீக்கரு ஓட்டை. அதுலயும் பசைய வச்சுட்டா எம் பொண்டாட்டி பேசுறது கேக்காதுண்ணே." சற்று யோசித்துவிட்டு, "சரி, வச்சே விட்டுருங்கண்ணே" என்றார். வடக்கத்தி ஆட்கள் இருவர் மட்டும் சிரிக்கவில்லை. ஒன்றும் பேசாமல் போனைக் கொடுத்து, ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அதுவரை இருபது போனுக்கு மேல் பசை வைத்தாகிவிட்டது. ஒன்றைக்கூட அழிக்கச் சொல்லவில்லை. இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் செக்கிங் பிரிவுப் பெண்ணின் முறை வந்தது. நீங்கள் டீ டம்ளரோடு அங்கே நின்றிருந்தீர்கள்.

"பசை வேணா வெய்யுங்ணா. உள்ள இருக்கற படத்த மட்டும் தொடாதீங்க" என்று என்னிடம்தான் சொன்னார்.

நீங்கள் கேட்டீர்கள். "உள்ள என்னம்மா இருக்குது?"

"எங்கூட்டுக்காரரு கை போச்சுங்களே, அந்தத் தறிங்க. மங்கலத்துல."

"மங்கலத்துல எந்தக் குடோனு?"

அவர் சொன்னார். நீங்கள் இரண்டு வாய் டீ குடித்தீர்கள்.

"தம்பி, உள்ள இருக்கறதெல்லாம் அழிச்சுட்டுக் குடு. ஆளாளுக்கு ஒரு கதை சொல்லுவாங்க."

"ஏனுங்க, கேசுக்கு அது ஒண்ணுதானுங்க..." என்று அவர் ஆரம்பித்தார்.

"கேசு வேணும்னா அந்தப் பக்கம் போய் நில்லும்மா. வேலை வேணும்னா இந்தப் பக்கம் வா."

அத்தனையையும் ஒரே தடவையில் அழிக்க, போன் அந்த லாக்கின் ஐந்து எண்ணைக் கேட்டது. நான் அவரைப் பார்த்தேன்.

"சொல்லலாங்களா?" என்றார். "நீங்கதானுங்ணா யாருக்கும் சொல்லக்கூடாதுன்னீங்க."

"எனக்குத்தானே" என்றேன்.

சொன்னார். என்னைத் தடுத்திருக்கக்கூடிய ஒரே பூட்டு அது. போடச் சொல்லிக் கொடுத்தவனும் நான், கேட்டு வாங்கியவனும் நான். அந்த எண்ணை இங்கே எழுத மாட்டேன். திரை ஒருமுறை கறுத்து, புதுப் போன் போல எரிந்தது. செக்யூரிட்டி பசை வைத்தார். அந்தப் பெண் போனை முந்தானையில் துடைத்துக்கொண்டு செக்கிங் மேஜைக்குப் போனார். அன்று யாரும் அந்த மேஜையில் சிரிக்கவில்லை.

அவருக்குப் பின்னால் வந்தவர்கள் போனையெல்லாம் அழிக்கச் சொன்னீர்கள். அதனால்தான் ரொம்ப நாள் எனக்கு உங்கள்மேல் வேறு சந்தேகம் வரவில்லை. யானைக் கோபம் என்றே நினைத்தேன்.

அந்த வாரமே கேபிள் வாங்கினேன். கோயமுத்தூரில் போன் பழுது பார்க்கும் ஒருவரிடம் அந்தப் போனைக் கொண்டுபோய்க் கேட்டேன். "இதுல போனது போனதுதான். கார்டா இருந்திருந்தா எதாச்சும் தேத்தலாம்" என்றார். அடுத்த ஞாயிறு என் கேமராவை எடுத்துக்கொண்டு மங்கலம் போனேன். என்ன கிடைக்கும் என்று போனேனோ தெரியவில்லை. சக்கரத்தின் மேல் பச்சைப் பெயிண்ட் அடித்த மூடி பளபளத்தது. பக்கத்துத் தறிகளில் இருந்தவை எண்ணெயும் பஞ்சும் அப்பிக் கறுத்திருந்தன. தறிக்குடோன்காரர் வந்தார். கழுத்தில் தடித்த செயின், இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. "வாங்க, வாங்க. தறி வாங்கற யோசனைங்களா? இல்ல சும்மா வேடிக்கை பாக்க வந்தீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டு, மரியாதையாகவே வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

யானையை விற்றது யாரும் இல்லை என்பது ஒரு மாதத்தில் தெரிந்தது. பையருக்காக இங்கே விலை பேசும் பையிங் ஆபீஸ்காரர்களே விலை கேட்டு அந்தப் படத்தை மெயிலில் மூன்று கம்பெனிக்கு அனுப்பியிருந்தார்கள். நீங்கள் அதை மைக்கில் சொல்லவில்லை. பசையைச் சுரண்டித் தரவும் இல்லை.

அப்புறம் உங்கள் மகள் கல்யாணம். கல்யாணப் படங்களை டிவிடியில் போட்டுத் தரச் சொல்லி என்னிடம் தந்தீர்கள். "மூணு காப்பி போடு தம்பி. ஒண்ணு பேங்க் லாக்கர்ல வெச்சுக்கறேன். ஒரு படங்கூடப் போகக்கூடாது. போட்டோ போனாத் திரும்ப வருமா?" என்றீர்கள். அறைக்குப் போய் ஒவ்வொரு படமாக ஏற்றினேன். மேடையில் உங்கள் மனைவிக்குப் பக்கத்தில், தாய்மாமன் மாலையோடு, தடித்த செயின் போட்ட ஒருவர் நின்றார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு.

மூன்று காப்பியும் போட்டுக் கொடுத்தேன். அடுத்த மாதம் வேலையை விட்டேன்.

மனு இன்னும் முடியவில்லை. தேதி தள்ளித் தள்ளிப் போகிறது. படம் இருந்தது, என் கையால் அழித்தேன் என்று நான் போய்ச் சொன்னேன். வேலையை விட்டவனின் வயிற்றெரிச்சல் என்று எதிர்த்தரப்பு சொல்லிவிட்டது. வாசலில் பார்த்தவர்கள் எல்லாரும் உங்களிடம் சம்பளம் வாங்குகிறவர்கள். அவர்களைக் கேட்க எனக்கு வாயில்லை, நானும் அப்படி இருந்தவன்தானே. அவர் கணவர் இப்போது ஒரு குடோனில் வாட்ச்மேன். வேலை கிடைத்தது விரலை எண்ணிப் பார்க்காமல் ஆள் எடுத்ததால்தான் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்கிறார்.

உங்கள் கம்பெனியில் இப்போது செக்கிங் மேஜைக்கு மேலேயே கேமரா வைத்திருக்கிறீர்களாம். காலையில் உள்ளே போகப் பெருவிரலை ஒரு கருவியில் அழுத்த வேண்டுமாம். அவர்கள் முகமும் ரேகையும் உங்கள் பெட்டியில் இருக்கலாம், அவர்கள் எடுத்த படம் அவர்கள் கையில் இருக்கக்கூடாது. எனக்குச் சண்டை போட்டு அலுத்துவிட்டது. ஒரு வருடமாகப் புதுப் போன் எதையும் நான் கழற்றிப் பார்க்கவில்லை.

ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள். எனக்குத் தனியாக வேண்டாம், ஆள் அனுப்பவும் வேண்டாம். பசை வைப்பேன் என்று அறிவித்தீர்களே, அதே மைக்கில், அதே காலை நேரத்தில், எல்லாரும் மெஷினில் உட்காரும் முன்னால் சொல்லுங்கள். அவரும் செக்கிங் மேஜையில் இருந்து கேட்கட்டும். "எந்தக் குடோனு?" என்று கேட்டு, பதிலைக் கேட்டு, டீ குடித்து, அதற்கப்புறம் அழி என்றீர்களே. அது உங்கள் மச்சான் குடோன் என்று தெரிந்துதான் சொன்னீர்களா, இல்லையா?